கரையில் இரண்டு விளக்குகள்

கடலே இல்லாத ஊரில் கடை போட்டு ஆட்களைக் கடலுக்குள் இறக்கிக் காட்டுவது என் பிழைப்பு, அதுவும் இருட்டில்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்கூபா பள்ளி. முதலாளி, பயிற்சி கொடுக்கும் நான், கரையில் உட்காரும் செல்வம் என்று மொத்தம் மூன்று பேர். ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் பழக்குவோம். தேறியவர்களை மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அந்தமான் பக்கம் ஒரு தீவுக்குக் கூட்டிப்போவோம். அங்கே படகில் போய்க் குதிக்கிற ஜோலியெல்லாம் கிடையாது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் போக வேண்டும். பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடக்கும் பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸும் சிங்கி இறாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

தையல்காரர்களே, பல் டாக்டர்களே, கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர்களே, வாடிக்கையாளர்களைக் கட்டி மேய்க்கிற யாராக இருந்தாலும் சரி, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள், மீனை வேடிக்கை பார்க்கச் சம்பளமா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

வட்டம்

தண்ணீருக்கு அடியில் வாயால் பேச முடியாது. இருட்டில் கை ஜாடையும் தெரியாது. டார்ச்சால்தான் பேச வேண்டும். டார்ச்சைப் பிடித்து நிதானமாகப் பெரிய வட்டம் போட்டால் 'எல்லாம் சரி'. இடமும் வலமுமாகப் படபடவென்று ஆட்டினால் 'ஆபத்து'. மொத்தப் பாடமே இவ்வளவுதான். இதைப் பழக்குவதற்குக் குளத்து விளக்குகளை அணைக்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் நடந்த நடைக்கு விதான சௌதாவில் ஓர் அரசாங்க வேலையே வாங்கியிருக்கலாம். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம் மட்டும் என்று கொடுத்தார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ரகு என்பவர் என் உயிரை எடுத்தார். மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கும் குடும்பம், சாஃப்ட்வேர் வேலை, முப்பத்தைந்து வயது. எதைச் சொன்னாலும் 'ஏன்' என்பார். ஏன் வட்டம், ஏன் முக்கோணம் இல்லை? ஏன் இரண்டு டார்ச், ஒன்று போதாதா? வட்டத்தை இருபது தடவை போடச் சொன்னேன். பதினோராவது தடவையில் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி, வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், வட்டம் போட நான் எல்.கே.ஜி.லயே கத்துக்கிட்டேன். மீன் எப்ப மேடம் காட்டுவீங்க?"

ஆறு மணி

அந்தத் தீவில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மூட்டை கட்டிவிடும். ஆறு மணிக்குக் கும்மிருட்டு. கடல் ஏறி நிற்கிற நேரமும் ஆறு மணியும் ஒத்துவருகிற நாளாகப் பார்த்துத்தான் நான் பயணத் தேதியே குறிப்பேன். கடல் இறங்கிவிட்டால் பாறைகள் வெளியே வந்துவிடும். பாறை முழுக்கக் கடல் முள்ளெலி. மிதித்தால் முள் காலில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

ஓர் ஆபீஸ் கோஷ்டி வந்தது. ஐந்து பேர். 'சரியாக ஐந்தரைக்குக் கரையில் நிற்க வேண்டும்' என்று காலையில் சொன்னேன், மதியம் சொன்னேன், வாட்ஸ்ஆப்பில் இரண்டு தடவை எழுதினேன். ஏழு பத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஆறு மணி என்பது அவர்களுக்கு இரவே இல்லையாம், காபி நேரமாம். கடல் அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது, இவர்கள் போய்த் திரும்புவதற்குள் பாறை வெளியே வந்துவிடும். இன்றைக்கு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். என்னை ஏதோ பஸ் கண்டக்டரைப் பார்ப்பது போலப் பார்த்தார் அவர்களுடைய டீம் லீடர். "பெங்களூர் ட்ராஃபிக்ல நாங்க டெய்லி ரெண்டு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்றோம் மேடம். உங்க கடல் ஒரு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணாதா?"

செல்வத்தின் வேலை

இங்கே கரை விளக்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கரை நெடுகப் பாறை. நடுவில் ஒரு மினி லாரி போகிற அகலத்துக்கு மணல் வழி ஒன்று உண்டு. போவதும் வருவதும் அதில்தான். இருட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தால் கரை முழுக்க ஒரே கறுப்பாகத் தெரியும். கையில் கட்டியிருக்கும் திசைகாட்டி கரை எந்தப் பக்கம் என்று சொல்லும், வழி எங்கே என்று சொல்லாது. அதனால் தண்ணீர் ஓரமாக முழங்கால் உயரக் கம்பில் ஒரு விளக்கு, அதற்கு நேர் பின்னால் ஒரு மரக்கிளையில் கயிறு கட்டி இன்னொரு விளக்கு. ஒன்றுக்கு நேர் மேலே மற்றது தெரிந்தால் நீங்கள் வழிக்கு நேராக இருக்கிறீர்கள். மேல் விளக்கு எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கம் நீங்களும் விலகியிருக்கிறீர்கள். ஒரு விளக்கு மட்டும் இருந்தால் அது வெறும் விளக்கு.

அந்த இரண்டும் அசையாமலும் அணையாமலும் இருக்கப் பக்கத்தில் உட்காருகிற ஆள் செல்வம். ஒக்கலிபுரத்துக்காரர். முன்னால் கல்யாணங்களுக்கு சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃப்ளாஸ்க் டீ, அவ்வளவுதான் அவருடைய சாமான். இவரைப் பார்த்தால் எல்லோருக்கும் இளக்காரம். "நீங்க டைவ் பண்ண மாட்டீங்களா? அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் வந்து சும்மா உக்காந்திருக்கீங்க?" என்று ஓர் அம்மா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. செல்வம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க திரும்பி மேல வர்ற வரிக்கும் எனக்கு ஒண்ணுக்குகூட வராதுங்க மேடம். அதான் என் வேல."

தூங்குகிற மீன்

கிளிமீனில் ஒரு வகை இருக்கிறது. ராத்திரியானால் வாயிலிருந்து கோழை மாதிரி ஒன்றை விட்டு, தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பை போல ஒரு போர்வை செய்து, அதற்குள் படுத்துத் தூங்கும். அதைப் பார்க்கும்போது நான் மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். இறங்குவதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுவேன்: தொடாதீர்கள், டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், அது அதனுடைய வீடு.

கையில் பெரிய கேமராவோடு வந்த ஒருவர், நான் அந்தப் பக்கம் திரும்பிய அரை நிமிடத்தில் விரலால் அந்தப் போர்வையைக் குத்திக் கிழித்துவிட்டார். மீன் பதறியடித்துப் பாறையில் முட்டி, இருட்டுக்குள் ஓடியது. இனி அன்று ராத்திரி அது எங்கே போய்ப் படுக்கும்? தண்ணீருக்கு அடியில் கெட்ட வார்த்தை சொல்ல முடிந்திருந்தால் அந்தக் கடலே நாறியிருக்கும். கரைக்கு வந்ததும், தூங்குகிற ஜீவனை எழுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். அவர் கேமராவைத் துடைத்தபடி நிதானமாகப் படத்தைக் காட்டினார். "கண்ணைத் திறந்துக்கிட்டுதானே மேடம் இருக்கு, நீங்களே பாருங்க. அப்புறம் தூங்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

மீனுக்கு இமையே கிடையாது என்பதைப் பாடத்தில் சேர்த்துவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பயணத்தில் ஒரு பெண் சொன்னது: "அய்யோ பாவம், அதுக்கு ஐ ட்ராப்ஸ் போடக்கூடாதா?"

காரணம் எழுதும் கட்டம்

ஆழத்தில் காற்றைச் சுவாசித்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது. உடம்புக்குள் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேலே போனதும் குமிழியாகிக் கை கால் மூட்டுகளைப் பிடிக்கும், மோசமானால் ஆளையே முடக்கிவிடும். முழுசாக ஒரு நாள் தரையில் இருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். பெங்களூர்க்காரர்களுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவே ஏறாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடல், திங்கள் காலை முதல் விமானம், பதினோரு மணிக்கு மீட்டிங் என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள்.

ஒருவரிடம் இரண்டு மணி நேரம் வாதாடினேன். படம் வரைந்து காட்டினேன். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து சட்டையை நனைத்துக்கொண்டேன். எல்லாம் புரிந்தது என்றார். ஆனால் டிக்கெட்டை மாற்ற மட்டும் மாட்டேன் என்றார். அப்படியென்றால் கடலில் இறங்க வேண்டாம் என்றேன். அந்த மனிதர் உண்மையிலேயே கண் கலங்கிவிட்டார். "என் நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க மேடம். லீவ் ஃபார்ம்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போய் நைட்ரஜன்னு எப்படி எழுதறது?"

முதலாளியின் யோசனை

இதுவரை சொன்னதெல்லாம் வாடிக்கையாளர்கள் மீதுள்ள எரிச்சல். இது வேறு எரிச்சல்.

ஒரு நாள் முதலாளி மேஜை மேல் இரண்டு புது விளக்குகளை வைத்தார். தானாக எரியும், தானாக அணையும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. "நோடு ஸ்டெல்லா, இங்க பாரு," என்றார், "லைட்டுக்கு இனிமே லைட்டே காவல். செல்வத்தை எதுக்கு ப்ளேன்ல ஏத்தணும்? அவன் இங்கயே இருந்து சிலிண்டர் கழுவட்டும்." அதே மூச்சில், இரண்டு வருடமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்த டைவிங் உடைகளைப் புதிதாக வாங்கித் தருவதாகவும் சொன்னார். கிழிந்து ஒட்டுப் போட்ட உடைகளோடு வாடிக்கையாளர் முன்னால் நின்று நின்று எனக்கு அலுத்துப்போயிருந்தது. விளக்கு அணையாது, சரி. யாராவது எடுத்துக்கொண்டு போனால்? அந்தக் கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. நான் தலையாட்டினேன்.

செல்வம் கதவருகில் சிலிண்டர்களைத் துடைத்துக்கொண்டு இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. முதலாளி கீழே போன பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "நீ ஒண்ணும் சொல்லலியாக்கா?"

சளி

செல்வம் இல்லாத முதல் பயணத்தில் ஐந்து பேர். அதில் ஒருவர் நம்முடைய 'ஏன்' ரகு. கரையில் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். உடனே கை தூக்கினார். ஏன் இரண்டு விளக்கு? மேல் விளக்கு ஏன் சரியாக அந்தக் கிளையில்? பக்கத்துக் கிளையில் கட்டினால் என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். எனக்குத் திக்கென்றது. இன்னொரு தடவை உறிஞ்சினார்.

சளி பிடித்திருந்தால் தண்ணீருக்குள் காது அடைப்பு விடாது. அதோடு ஆழத்துக்குப் போனால் செவிப்பறை கிழியும். 'நீங்கள் இறங்க முடியாது' என்றேன். நாலு மாதம் குளத்தில் வட்டம் போட்டவர், தீவு வரைக்கும் வந்தவர். முகம் சிவந்துவிட்டது. வெறும் டஸ்ட் அலர்ஜி என்றார், மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்றார், வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நான் மசியவில்லை. செல்வம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு கத்தினார்: "ரிவ்யூல ஒரு ஸ்டார்தான் மேடம் உங்களுக்கு. அதுவும் ஜீரோ போட வழி இல்லாததால!"

கேக்

மற்ற நாலு பேரோடு இறங்கினேன். அருமையான கடல். ஒரு பேய்க்கணவாய் பாறை மேல் ஊர்ந்து போய், நிறம் மாற்றி மாற்றி நண்டு பிடித்துச் சாப்பிட்டதை முழுசாகப் பார்த்தோம். யாரும் எதையும் குத்தவில்லை. சந்தோஷமாகத்தான் மேலே வந்தேன்.

வந்து கரையைப் பார்த்தால் ஒரு விளக்குதான் இருந்தது. கீழ் விளக்கு. அதற்கு மேலே வெறும் இருட்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இல்லை. தள்ளி எங்கேயோ நாலைந்து வெளிச்சமும் பாட்டுச் சத்தமும். நீரோட்டம் எங்களை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. அலை பாறையில் மோதும் சத்தம் கேட்கிறது, ஆனால் எந்தப் பாறை, எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. நாலு பேரையும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொன்னேன். 'ஒன்றுமில்லை, கொஞ்சம் காத்திருப்போம்' என்றேன். பொய். செல்வம் கேட்ட கேள்விதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. இந்த நாலு பேரில் யாருக்காவது ஏதாவது ஆனால் அதற்கு நான் அன்றைக்கு ஆட்டிய தலைதான் காரணம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே ஒரு வெளிச்சம் எழுந்தது. எங்கள் விளக்கு மஞ்சள். இது வெள்ளை, பொடியாக இருந்தது, நடுங்கியது. நம்பலாமா? எவனோ செல்போனை வைத்துக்கொண்டு விளையாடுகிறானா? அப்போது அந்த வெளிச்சம் நிதானமாக ஒரு பெரிய வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். குளத்தில் நான் இருபது தடவை போட வைத்த அதே வட்டம். நானும் டார்ச்சைத் தூக்கி ஒரு வட்டம் போட்டேன். வெளிச்சம் அப்படியே நின்றுவிட்டது. கீழ் விளக்குக்கு நன்றாக இடப்பக்கம் தள்ளித் தெரிந்தது. அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது எங்களை. வலப்பக்கமாக நீந்தினோம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றதும் நேரே வந்தோம். காலில் மணல் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, உப்புத் தண்ணீர் என்று சமாளித்தேன்.

நடந்தது இதுதான். பக்கத்து விடுதியில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்ட வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கும்பல் வந்து, மரத்திலிருந்த விளக்கைக் கழற்றியிருக்கிறது. ரகு தடுத்திருக்கிறார். 'ஃபைவ் மினிட்ஸ் ப்ரோ' என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பின்னால் ஓடிச் சண்டை போட்டால் நேரமாகும், அதற்குள் நாங்கள் மேலே வந்துவிடுவோம் என்று இவர் நாற்காலியை இழுத்து, கயிறு தொங்கிய இடத்துக்கு நேர் கீழே போட்டு, மேலே ஏறி, செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் கரையேறிய பிறகும் கை இறங்கவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் எரிந்து விழுந்தார்: "இருபத்தோரு நிமிஷம் மேடம்! கை ஆடக்கூடாதுன்னு ஒரு தும்மல்கூட போடல!"

ஒரு ஸ்டார்

உயிரைக் காப்பாற்றியவர் ஆயிற்றே, கோபம் போயிருக்கும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ரிவ்யூ வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாத மனிதர், ஒரே ஒரு ஸ்டார். எங்களுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழில் வேறு எழுதியிருந்தார். 'சளி என்று சொல்லி என்னைக் கடலில் இறக்கவில்லை. அது சரிதான். ஆனால் இருட்டில் ஐந்து பேர் கடலுக்குள் இருக்கும்போது கரை விளக்குக்குப் பக்கத்தில் இவர்கள் ஆள் வைக்கவில்லை. அன்று எனக்குச் சளி பிடிக்காமல் இருந்திருந்தால் அங்கே யார் இருந்திருப்பார்கள்?'

முதலாளி குதித்தார். இவனிடம் பேசி இதை எடுக்க வை என்றார். எடுக்க வைக்க மாட்டேன், செல்வம் வராமல் நான் தண்ணீரில் இறங்கவும் மாட்டேன், உங்கள் புது உடைகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அவர் அந்த ரிவ்யூவை இன்னொரு தடவை படித்தார். பிறகு அடுத்த பயணத்துக்குச் செல்வத்தின் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி டிக்கெட் போட்டார்.

செல்வத்திடம் போனைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போனை நீட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். மேலே ஏற்றி, எங்களைப் புகழ்ந்து எழுதியிருந்த மற்ற ரிவ்யூக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அஞ்சு ஸ்டார் போட்டவன் ஒருத்தனாவது என் பேச்சை எடுத்திருக்கானாக்கா?"

இத்தனை வருடம் வாடிக்கையாளர்களைத் திட்டியே காலம் தள்ளிய நான், கடைசியில் அந்தத் திட்டுப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுத வேண்டி வந்ததும், அதை எழுத வைத்தவர் ஒரு வாடிக்கையாளர் என்பதும்தான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல்.